ஒயின் தொட்டிக்குள் எந்தக் கருவியை விடலாம்?

நாசிக் பக்கம் ஒரு சிறிய ஒயின் ஆலையில் செல்லார் (ஒயின் நொதிக்கும், தங்கும் அறை) பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள். 304 என்ற வகை எவர்சில்வரில் செய்த தொட்டிகள் வந்து ஓர் அறுவடைதான் முடிந்திருக்கிறது, அதற்குள் உட்சுவரில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். எந்த பிரஷ், எந்தச் சுரண்டி, எந்த ஸ்பேனர் வாங்கினால் தொட்டி கெடாமல் இருக்கும் என்பது உங்கள் கேள்வி. கடையில் விற்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பரும் எவர்சில்வர்தானே, அதைக் கொண்டு தேய்த்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமான பதில். தொட்டியின் உட்சுவரைத் தொடும் கருவி எவர்சில்வரைவிட மென்மையாக இருக்க வேண்டும். சாதா இரும்பின் பக்கமே போகாததாக இருக்க வேண்டும். செல்லாரைவிட்டு வெளியே போகாததாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அது எந்தக் கம்பெனிப் பொருளாக இருந்தாலும் சரி. இதற்கெல்லாம் முன்னால் நிற்பது வேறொன்று: அழுக்கைக் கரைப்பது வெந்நீரும் காரமும் (காஸ்டிக் சோடாக் கரைசல்) செய்ய வேண்டிய வேலை, அவற்றால் போகாத மிச்சத்துக்குத்தான் கையும் பிரஷும். தேய்க்கும் தேவை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு காலம் தொட்டி புதிதாக இருக்கும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு அந்த உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய நாளிலிருந்து இன்றுவரை எவர்சில்வரின் அடிப்படை ஒன்றுதான்: இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் தொட்டியைத் துருவிலிருந்து காப்பது அந்தப் படலம் ஒன்று மட்டுமே. 304இல் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். 316 என்ற உயர் வகையில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. குளோரைடையும் கந்தக டை ஆக்சைடையும் 316 கூடுதலாகத் தாங்குவதற்கு அந்த மாலிப்டினம்தான் காரணம்.

படலம் கீறப்பட்டால் தானாகவே மீண்டும் உருவாகும். ஆனால் அதற்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆக்சிஜன் எட்ட வேண்டும். கீறலுக்குள் இரும்புத் துகள் புதைந்திருந்தாலோ, அதன்மேல் டார்ட்ரேட் என்ற திராட்சை உப்பின் படிவு மூடியிருந்தாலோ, உப்பு கலந்த நீர் தேங்கியிருந்தாலோ படலம் அந்த இடத்தில் சேராது. அங்கேதான் பழுப்புப் புள்ளி பிறக்கிறது. அப்படியே விட்டால் அதன் அடியில் குழி விழும்.

புதுத் தொட்டியில் ஒரே வருடத்தில் வரும் புள்ளிகள் பெரும்பாலும் தொட்டியின் துரு அல்ல, வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்பின் துரு. யார் கொண்டுவந்தார்கள் என்று தேடினால் அநேகமாக மூன்று இடங்களில் விடை கிடைக்கும். சாதா இரும்புக் கம்பி பிரஷ் ஒன்று. கம்பி நார் இன்னொன்று. மூன்றாவது, தொட்டிகளுக்கு நடுவே நடைமேடையும் படிக்கட்டும் அமைக்க வந்த ஃபேப்ரிகேட்டரின் கிரைண்டர். எம்.எஸ். (சாதா இரும்பு) ஆங்கிளை அறுக்கும்போது பறக்கும் பொறி சூடான இரும்பு. அது தொட்டியின் மேல் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. தொட்டியின் மேன்ஹோல் (ஆள் நுழையும் வாய்) திறந்திருந்தால் உள்ளேயும் போகிறது. ஒரு வாரம் எதுவும் தெரியாது. செல்லாரின் ஈரம் பட்டதும் புள்ளி புள்ளியாக வெளிவரும். ஆகையால் கருவி வாங்கும் பட்டியலில் நான் தவறாமல் எழுதுவது தீப்பிடிக்காத வெல்டிங் போர்வையை. தொட்டிகள் இருக்கும் கூரையின் கீழ் யாராவது கிரைண்டரை எடுத்தால் தொட்டிகளை மூடிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். முடிந்தால் அந்த வேலையை வெளியிலேயே முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எவர்சில்வரையே அறுக்கவோ தேய்க்கவோ வேண்டியிருந்தால், இரும்பு கலக்காத டிஸ்க் என்று போட்டு விற்பதை வாங்குங்கள். எம்.எஸ்.ஸில் ஒருமுறை ஓடிய டிஸ்க் அதற்குப் பிறகு எவர்சில்வர் பக்கமே வரக் கூடாது, ஏனென்றால் அதன் மணல்களுக்கு நடுவே இரும்புத் தூள் அடைத்திருக்கும். வெல்டிங் ஓரத்தைச் சுத்தம் செய்ய எவர்சில்வர் கம்பி பிரஷ் இருக்கிறது. அதற்கும் இதே விதிதான். எம்.எஸ். வெல்டரிடம் ஒரு மணி நேரம் இரவல் போய் வந்தாலும் அது கெட்டுவிட்டது. கைப்பிடியில் ஒரு நிறத்தைப் பூசிப் பூட்டிவைப்பது நல்ல பழக்கம்.

இப்போது ஸ்க்ரப்பர் கேள்வி. பாத்திரம் தேய்க்க விற்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பர் எவர்சில்வர்தான், ஆனால் பெரும்பாலும் நிக்கல் இல்லாத, காந்தம் ஒட்டும் வகை. உங்கள் தொட்டியைவிடத் துருத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. தேய்க்கும்போது உடைந்து விழும் இழைகள் வெல்டிங் மூலையிலும் வால்வின் வாயிலும் மாட்டிக்கொள்ளும். இரவு முழுக்க ஈர சிங்க்கில் கிடந்த கம்பி நாரை மறுநாள் எடுத்தால் அடியில் அதே வடிவத்தில் பழுப்புக் கறை இருப்பதை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்போம். தொட்டிக்குள் நடப்பதும் அதேதான், என்ன, அங்கே நீருக்குப் பதில் அமிலம். கீறல், உலோகத் துகள் என்று இரண்டு கெடுதலும் ஒரே வீச்சில் வருவதால் அதை ஆலைக்குள் அனுமதிக்கவே வேண்டாம்.

பச்சை நிற நார் அட்டை இதைவிட ஏமாற்றும். கைக்கு மெத்தென்று இருக்கும், உலோகமே கிடையாது, ஆகையால் பாதுகாப்பு என்று நினைப்போம். அதன் இழைகளில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு. அது எவர்சில்வரைவிடப் பல மடங்கு கடினமான பொருள். தேய்த்த இடத்தைச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், வட்ட வட்டமான கீறல்கள் தெரியும். தேய்ப்பு அட்டை வேண்டுமென்றால் வெள்ளை நிற மென்வகையை வாங்குங்கள். அதையும் முதலில் தொட்டியின் வெளிப்பக்கம், கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டு போங்கள்.

கீறல் விழுந்தால் அழகுதானே கெடுகிறது என்று சிலர் கேட்பதுண்டு. பிரான்சின் போர்தோவில் பெயர்பெற்ற ஒயின் ஆலைகளான ஓ-ப்ரியோன் 1961இலும், லத்தூர் 1964இலும் நொதிக்கும் மரத்தொட்டிகளை எடுத்துவிட்டு எவர்சில்வருக்கு மாறின. வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடிவதும், மரத்தைப் போல நுண்ணுயிருக்கு இடம் கொடுக்காத வழுவழுப்பான சுவரும் அந்த உலோகம் தந்த இரண்டு பெரிய லாபங்கள். உணவைத் தொடும் பரப்புக்குச் சராசரிக் கரடுமுரடு 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பால், பானத் தொழில்களில் ஏற்கப்பட்ட அளவு. உருக்காலையிலிருந்து வரும் 2பி என்ற வழக்கமான மழமழப்புத் தகடு அதைவிட நன்றாகவே இருக்கும். ஈஸ்ட் செல் சில மைக்ரோமீட்டர் அளவு, பாக்டீரியா அதைவிடச் சிறிது. கீறலுக்குள் அவை உட்கார்ந்துவிட்டால் கழுவும் நீர் மேலே ஓடிவிடும். பிரெட்டானோமைசிஸ் என்ற ஒயினைக் கெடுக்கும் ஈஸ்ட்டும் அசிட்டிக் பாக்டீரியாவும் அடுத்த வருட ஒயினுக்குப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. டார்ட்ரேட் படிகங்களும் சொரசொரப்பான இடத்தில்தான் முதலில் பிடிக்கின்றன. ஆக, ஒருமுறை கீறித் தேய்த்தால் அடுத்த முறை இன்னும் அதிகமாகத் தேய்க்க வேண்டி வரும்.

பிரஷ் வாங்கும்போது முடி என்ன பொருள் என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் காரத்தையும் அமிலத்தையும் நன்றாகத் தாங்கும், நீரை உறிஞ்சாது, விலையும் குறைவு. கொதிநீரில் மட்டும் தளர்ந்துவிடும். பாலியெஸ்டர் வகை வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும், நனைந்தாலும் விறைப்புக் குறையாது. தொட்டிச் சுவருக்கு என் தேர்வு அதுதான். நைலான் தேயாமல் உழைக்கும், ஆனால் நனைந்தால் தொய்ந்துவிடும், கிருமி நீக்கப் பயன்படும் பெராசிட்டிக் அமிலம் அதைச் சீக்கிரமே அரித்துவிடும். முடி நீல நிறமாக இருந்தால் நல்லது. உதிர்ந்த முடி சக்கையிலும் வண்டலிலும் கண்ணில் படும், உணவில் நீல நிறம் இயற்கையாக வருவது அரிது. பிரஷ்ஷின் அடிப்பலகை பிளாஸ்டிக்காகவும், முடியைப் பிடித்திருக்கும் கம்பி எவர்சில்வராகவும் இருக்கிறதா என்று பிரித்தாவது பாருங்கள். சாதா இரும்புக் கொக்கி போட்ட பிரஷ் ஒரே மாதத்தில் துருவை வடிக்கும்.

மரக் கைப்பிடி வேண்டாம். மரம் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சை வளர்க்கும். அந்த அறையில் யாராவது குளோரின் கலந்த திரவத்தையும் பயன்படுத்தினால் ஆபத்து இரட்டிப்பு. குளோரின் மரத்தோடு வினைபுரிந்து உண்டாகும் குளோரோஃபீனாலைப் பூஞ்சைகள் டி.சி.ஏ. என்ற பொருளாக மாற்றுகின்றன. கார்க் கெட்ட ஒயினில் வீசும் ஈரச் சாக்கு வாடைக்குக் காரணம் அதுதான். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். பிளீச்சிங் பவுடர், வீட்டு பிளீச், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் மூன்றையும் செல்லார் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 304இன் படலத்தைக் கிழிப்பதில் குளோரைடை மிஞ்சியது கிடையாது, அதை அமிலமாகவே ஊற்றுவதைவிடக் கெடுதல் இல்லை.

சக்கை அள்ளும் கருவி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சிவப்பு ஒயின் தொட்டிகளில் பெரும்பாலான கீறல்கள் அங்கேதான் விழுகின்றன. ஒயினை வடித்த பிறகு அடியில் கிடக்கும் தோலும் விதையும் கனமானவை, வழுக்கும். ஆட்கள் கைக்குக் கிடைத்த இரும்பு மண்வெட்டியை எடுத்து அடித்தட்டில் உரசி இழுப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரே அச்சில் வார்த்த பாலிப்ரொப்பிலீன் ஷவல் வாங்குங்கள். தலையும் கைப்பிடியும் தனித்தனியாக ஸ்க்ரூ போட்டு இணைத்ததாக இருந்தால் அந்த இடுக்கில் சக்கை நுழைந்து புளிக்கும். இழுத்துத் தள்ள நீளக் கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் வாரி வேண்டும், கைப்பிடி எவர்சில்வராக இருக்கலாம். கடைசியாகத் துடைத்து இறக்க ரப்பர் அல்லது சிலிக்கான் விளிம்புள்ள தள்ளுகட்டை. நொதிக்கும்போது மேலே மிதக்கும் தோல்படலத்தை அமுக்கும் தட்டும் இதே கணக்குதான். அது எவர்சில்வரானால் விளிம்பு உருட்டி மழமழப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டிய கூர்முனை அப்படியே இருந்தால் ஒவ்வொரு குத்துக்கும் சுவரில் ஒரு கோடு.

நீளக் கைப்பிடியை நான் வலியுறுத்துவதற்கு எவர்சில்வரைவிடப் பெரிய காரணம் உண்டு. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு முழுதாக நொதிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவருகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தொட்டியின் அடியில் தங்கும். 8 மணி நேர வேலைக்கு ஏற்ற உச்ச அளவு 5,000 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு). 40,000 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து. நொதிக்கும் தொட்டிக்குள் அது பல மடங்கு அதிகமாக இருக்கும். நிறமில்லை, எச்சரிக்கும்படி மணமும் இல்லை. உள்ளே இறங்கியவர் சரிவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சரிவதும் ஒயின் செய்யும் எல்லா நாடுகளிலும் நடந்திருக்கிறது. ஆகவே மேன்ஹோலுக்கு வெளியே நின்றபடியே மறுபக்கச் சுவர்வரை எட்டும் வாரியை வாங்குங்கள். தொட்டியின் விட்டத்தை அளந்து அதைவிட ஒரு முழம் கூடுதலாக எடுங்கள். ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால் வாயு அளவி, காற்று செலுத்தும் விசிறி, வெளியே ஒரு காவல் ஆள், இடுப்பில் மீட்புக் கயிறு ஆகியவை இல்லாமல் அனுமதிக்காதீர்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

உள்ளே இறங்குபவரின் பூட்ஸும் ஒரு கருவிதான். வெளியே சரளையில் நடந்த காலணியின் அடியில் மணல் ஒட்டியிருக்கும். மணல் எவர்சில்வரைக் கீறும். தொட்டிக்கென்று தனியாக வெள்ளை ரப்பர் பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். சாய்க்கும் ஏணியின் மேல்முனைக்கும் கால்களுக்கும் ரப்பர் உறை போடுங்கள், குளிரூட்டும் ஜாக்கெட்டின் மேல் சாய்க்காதீர்கள். அந்தத் தகடு மெல்லியது, நசுங்கினால் உள்ளே ஓடும் கிளைகால் என்ற குளிர்திரவம் கசியும்.

ஸ்பேனர் விஷயம் வேறு மாதிரி. இங்கே கெடுவது சுவரைவிட இணைப்புகளும் நட்டுகளும்தான். குழாய்களை இணைக்கும் டி.சி. கிளாம்பின் காது நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். குழாய் போட்டு நெம்பினால் காஸ்கெட் பிதுங்கி உள்வழியில் நீட்டிக்கொள்ளும், அந்த விளிம்பில் சக்கை தங்கும். ஒழுகுகிறது என்றால் காஸ்கெட்டை மாற்றுங்கள், இறுக்கத்தைக் கூட்டாதீர்கள். காரத்துக்கும் பெராசிட்டிக் அமிலத்துக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் நன்றாகத் தாங்கும். பால் பண்ணைகளிலும் நம் நாட்டு ஒயின் ஆலைகளிலும் புழங்கும் எஸ்.எம்.எஸ். யூனியன், டி.ஐ.என். யூனியன் நட்டுகளில் வெளிப்பக்கம் பள்ளம் வெட்டியிருக்கும். அதற்கென்று அரைவட்டக் கொக்கி ஸ்பேனர் இருக்கிறது, எவர்சில்வரிலேயே கிடைக்கும். விலை அதிகமில்லை. அது இல்லாத ஆலைகளில்தான் உளியையும் சுத்தியலையும் வைத்துத் தட்டி, பள்ளத்தின் விளிம்பெல்லாம் சிதைந்துபோன நட்டுகளைப் பார்க்கலாம். பைப் ரெஞ்சு வேண்டாம், அதன் பல் கடித்த இடமெல்லாம் இரும்பு பதியும். வழவழப்பான குழாயைப் பிடிக்கப் பட்டை ரெஞ்சு வாங்குங்கள். தட்ட வேண்டிய தேவை வந்தால் நைலான் அல்லது ரப்பர் தலைச் சுத்தியல்.

எவர்சில்வர் மரையில் எவர்சில்வர் நட்டைச் சுற்றும்போது இரண்டும் ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொள்வது இந்த உலோகத்தின் குணம். மரையைத் துடைத்து, உணவுத் தரக் கிரீஸ் கொஞ்சம் தடவி, மெதுவாகக் கையால் சுற்றினால் இந்தத் தொல்லை வராது. ஏர் கன் வைத்துச் சுற்றினால் சூடேறிக் கடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி, தேய்க்கும் தேவையைக் குறைப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். எனக்கு இந்தப் பதிலின் முக்கியப் பகுதி இதுதான். சுவரில் கெட்டியாக ஒட்டுவது பொட்டாசியம் பைடார்ட்ரேட். 20 டிகிரி செல்சியஸ் நீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம்தான் கரையும். கொதிநீரில் அதுவே 60 கிராம் வரை போகும். கூடவே காஸ்டிக் சோடா இருந்தால் அது வேறு உப்பாக மாறி, மிக எளிதில் கரைந்துவிடும். 1 முதல் 2 சதவீதக் காஸ்டிக் கரைசலை 50, 60 டிகிரி வெப்பத்தில் சுழலவிட்டால், ஒருவர் அரை நாள் சுரண்ட வேண்டிய படிவு தானாக இறங்கும். அதன் பிறகு நீர், பிறகு காரத்தை முறிக்க 1 சதவீதச் சிட்ரிக் அமிலம், மறுபடி நீர். கிருமி நீக்க 100 முதல் 200 பி.பி.எம். பெராசிட்டிக் அமிலம். ஒயினை வடித்த அன்றே இதைச் செய்யுங்கள். காய்ந்து கெட்டிப்பட்ட பிறகு செய்தால் நேரம் பல மடங்கு ஆகும்.

அந்தக் கரைசலைச் சுவரில் பரப்பத் தெளிப்புப் பந்து வேண்டும். நிலையான பந்து 1 முதல் 2 பார் அழுத்தத்தில் வேலை செய்வது. அங்கே அழுத்தத்தைவிட நீரின் அளவுதான் முக்கியம். தொட்டியின் சுற்றளவில் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் என்பது பால் தொழிலில் கணக்கு வைக்கும் அளவு. 2 மீட்டர் விட்டமுள்ள தொட்டிக்குச் சுற்றளவு 6.3 மீட்டர், ஆகவே நிமிடத்துக்கு 190 லிட்டர் தரும் பம்பு வேண்டும். பந்தை வாங்கிவிட்டுச் சின்ன பம்பு வைத்தால் மேல்பாதி நனையாமலே இருக்கும், ஆட்கள் கம்பி நாரைத் தேடிப் போவார்கள். சிவப்பு ஒயின் தொட்டிகளுக்கு, காசு அனுமதித்தால், சுழலும் ஜெட் தலை வாங்குங்கள். நீர் குறைவாகப் போதும், அடி வலுவாக இருக்கும். ஒரு தலையை எல்லாத் தொட்டிக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கையில் பிடிக்கும் பிரஷர் வாஷர் உதவும், ஆனால் அதன் உலோக முனை சுவரில் இடிக்காதபடி ரப்பர் வளையம் மாட்டுங்கள், காஸ்கெட்டுக்கு நேரே பீய்ச்சாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, தொட்டியையே காவு வாங்கக் கூடியது. கரியமில வாயு நிறைந்த தொட்டியை மூடிவைத்துக் காஸ்டிக் தெளித்தால் காரம் அந்த வாயுவை உறிஞ்சிக் கார்பனேட்டாக்கிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, தொட்டி உள்நோக்கி நசுங்கும். வெந்நீரோ நீராவியோ விட்ட சூட்டோடு மூடிக் குளிர்நீர் அடித்தாலும் அதே கதி. மெல்லிய தகட்டுத் தொட்டி உள்ளழுத்தத்தை ஓரளவு தாங்கும், வெற்றிடத்தைத் தாங்காது. வாயுவை வெளியேற்றிவிட்டு, மேல் மூடியைத் திறந்துவைத்தே கழுவுங்கள். வெந்நீரிலிருந்து குளிர்நீருக்குப் படிப்படியாக மாறுங்கள்.

கருவியால் தீராத இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, தொட்டியின் மேல்பகுதி. ஒயின் மட்டத்துக்கு மேலே இருக்கும் காலி இடத்தில் கந்தக டை ஆக்சைடு ஆவியாகச் சேர்ந்து, குளிர்ந்த மூடியில் ஈரத்தோடு படிந்து 304ஐ அரிக்கும். அதனால்தான் பல ஆலைகள் உடலை 304இலும் மேல் வளையத்தையும் மூடியையும் 316இலும் செய்யச் சொல்கின்றன. உங்கள் புள்ளிகள் மேல்பகுதியில் மட்டுமே இருந்தால் சந்தேகம் பிரஷ்ஷின் மேல் போகக் கூடாது, இதன்மேல்தான் போக வேண்டும். கந்தக டை ஆக்சைடு தரும் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை எவர்சில்வர் வாளியில் கரைத்துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளி போதும். இரண்டாவது, நீர். குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை 304க்கும், 1,000 வரை 316க்கும் சாதாரண வெப்பத்தில் பொறுக்கும் என்பது துறையில் பின்பற்றும் வழிகாட்டல். போர்வெல் நீரை ஒருமுறை சோதனைக்குக் கொடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் கடைசி அலசலையாவது சுத்திகரித்த நீரில் செய்து, தொட்டியை முழுக்க வடித்துக் காற்றாட விடுங்கள். அடியில் தேங்கி வற்றும் நீரில் குளோரைடு செறிந்துகொண்டே போகும்.

தகடே 304தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் சந்தையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசைத் தகடுகளும் எவர்சில்வர் என்ற பெயரில் விற்கின்றன. காந்தத்தை வைத்துப் பார்த்துத் தெரியாது, அதுவும் ஒட்டாது. எக்ஸ்ரே கருவியால் உலோகக் கலவையைப் படித்துச் சொல்லும் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. தொட்டி செய்தவரிடம் தகட்டின் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள்.

இப்போது இருக்கும் புள்ளிகளுக்கு என்ன செய்வது? முதலில் காரக் கழுவல் செய்து எண்ணெய்ப் பிசுக்கும் படிவும் இல்லாமல் ஆக்குங்கள். பிறகு சிட்ரிக் அமிலம். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் ஏ967 தரவிதி சொல்வது 4 முதல் 10 சதவீதக் கரைசல், 21 முதல் 49 டிகிரி வெப்பம், குறைந்தது 20 நிமிடம். தெளிப்புப் பந்திலேயே சுழலவிடலாம். சிட்ரிக் அமிலம் ஒட்டியிருக்கும் இரும்பைக் கரைத்துப் பிடித்துக்கொண்டு வெளியேறும், குரோமியத்தைத் தொடாது. பிடிவாதமான புள்ளிகளை அதே கரைசலில் நனைத்த மென்பிரஷால் தேயுங்கள். நன்றாக அலசிக் காயவிட்டு, பிறகு ஒரு நாள் முழுக்க நல்ல நீரால் நனைப்பதும் காயவிடுவதுமாகச் செய்து பாருங்கள். புள்ளி திரும்ப வரவில்லை என்றால் இரும்பு போய்விட்டது. வந்தால் இன்னொருமுறை. அப்போதும் வந்தால், அல்லது நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், அல்லது வெல்டிங் ஓரம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தால் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. வெல்டிங் நிறத்தை எடுக்கும் பசையில் நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்கள் இருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் தோல் வழியே உள்ளே போய் உயிரையே எடுக்கும். பயிற்சி பெற்ற ஆட்களை மட்டுமே அதைத் தொட விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கப் பணம் இல்லையென்றால் என் வரிசை இது. முதலில் வாயு அளவி. அடுத்து சரியான பம்பும் தெளிப்புப் பந்தும். அதன் பிறகு நீள வாரி, பிளாஸ்டிக் ஷவல், தள்ளுகட்டை. பிறகு பாலியெஸ்டர் பிரஷ் இரண்டு, உட்சுவருக்கு ஒரு நிறம், தரைக்கும் வெளிப்பக்கத்துக்கும் வேறு நிறம். கொக்கி ஸ்பேனரும் நைலான் சுத்தியலும் அடுத்து. பிரஷ்களைத் தரையில் சாய்த்துவைக்காமல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், முடி கீழ்நோக்கி இருக்கட்டும். முடி வளைந்து விரிந்துவிட்டால் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள். நாசிக்கில் ஜனவரியிலேயே பழம் வந்து இறங்கும், ஆகவே சிட்ரிக் வேலையை டிசம்பருக்குள் முடித்துவிட்டு, ஒவ்வொரு தொட்டியையும் டார்ச் அடித்துப் பார்த்து, எங்கே எத்தனை புள்ளி என்று ஒரு நோட்டில் படம் போட்டுவையுங்கள். அடுத்த அறுவடை முடிந்து அதே இடங்களைப் பார்க்கும்போது, புள்ளி எங்கிருந்து வருகிறது என்பது அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும்.